இசைத்தட்டு பிளேயர் வாங்கும் முன் பாட்டு கேட்கும் பழக்கத்தை எடை போடுங்கள்

எடை முத்திரை, ஜி.எஸ்.டி. கணக்கு, லைசென்ஸ் புதுப்பித்தல், பருப்பு விலை என்றே நமது இதழின் பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. இந்த முறை ஒரு மாறுதலுக்காக, உறுப்பினர்கள் பலர் நம்மிடம் கேட்டுவரும் வேறு ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

காட்டூர், திருவெறும்பூர், பொன்மலைப் பக்கத்து வீடுகளில் பரணைச் சுத்தம் செய்தால் ஒரு தகரப் பெட்டியோ மரப் பெட்டியோ இறங்குகிறது. உள்ளே தாத்தா காலத்து, அப்பா காலத்து இசைத்தட்டுகள். பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் வந்தது. பெல் தொழிற்சாலை 1960களில் வந்தது. இரண்டும் இந்தப் பக்கத்தை மாதச் சம்பளக்காரர்களின் ஊராக்கின. அதனால் இரண்டு தலைமுறைத் தட்டுகளும் இங்கே கலந்து கிடப்பதில் வியப்பில்லை. தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை. "என்ன பிளேயர் வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள்.

விலையை அப்புறம் பார்ப்போம். கடைக்கு வந்து "அரிசி என்ன விலை?" என்று கேட்பவரிடம் நாம் என்ன கேட்போம்? "சோற்றுக்கா, இட்லிக்கா, பிரியாணிக்கா?" என்றுதானே? இட்லிக்குக் கேட்டவருக்குச் சீரகச் சம்பாவைப் போட்டுக் கொடுத்தால் அரிசி மட்டமில்லை, ஆனால் இட்லி வராது. பிளேயரும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. தப்பான அரிசியை மாற்றிக் கொடுத்துவிடலாம். தப்பான பிளேயர் தட்டைக் கீறிவிட்டால் அந்தத் தட்டுக்கு மாற்று கிடையாது.

பெட்டியில் இருப்பது என்ன?

முதல் வேலை, கடைக்குப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து தட்டுகளைப் பிரித்து வைப்பது.

கையில் எடுத்தால் கனமாகவும், வளைத்தால் வளையாமலும், கீழே விழுந்தால் ஓடு போல உடைவதாகவும் இருப்பது அரக்குத் தட்டு. பெரும்பாலும் 10 அங்குலம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம்தான் பாடும். அரக்கு என்றால் நமக்குத் தெரிந்த அதே அரக்குதான். சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காடுகளில் பூச்சி மரத்தில் கட்டுவது. உலகத்தின் தட்டுக் கம்பெனிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் இந்தச் சரக்கு நம் நாட்டிலிருந்துதான் பெருமளவில் போனது. அரக்கோடு கல் பொடியும் கரியும் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள். தட்டின் இரைச்சலுக்குப் பாதிக் காரணம் அந்தக் கல் பொடிதான்.

லேசாக, வளைந்து கொடுப்பதாக, 12 அங்குலத்தில் இருப்பது எல்.பி. இது பி.வி.சி. பிளாஸ்டிக். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-ல் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் 20 நிமிடத்துக்குக் குறையாமல் பாடும். 7 அங்குலத்தில் சின்னதாக இருப்பது 45 சுற்றுத் தட்டு. பக்கத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டு போட்ட ஈ.பி. என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. திருச்சியில் வளர்ந்து, நாடக மேடையேறி, 1959-ல் மறைந்து, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கமான எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டுகள் வந்தது 78 சுற்று அரக்குத் தட்டில். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே டாக்கீசில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' படத்துப் பாட்டுகளும் அதில்தான். ஸ்ரீரங்கத்து வாலி சினிமாவில் நிலைபெற்ற 1960களில் 78-ம் 45-ம் கூடவே ஓடின. பிறகு 78 நின்றுபோய், ஈ.பி.யும் எல்.பி.யும் மட்டும் நின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் 1963-ல் வந்தது எல்.பி.யில். 1978-ல் 'பிரியா' வந்தபோது ஸ்டீரியோ. ஆகவே பாகவதர், கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் என்றால் ஒரு வகைப் பிளேயர். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலமும் இளையராஜாவும் என்றால் வேறு வகை. இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் ஏற்ற ஒன்று.

வியாபாரிகளாகிய நாம் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தட்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது நம்மைப் போன்ற கடைக்காரர்கள் வழியாகத்தான். காரைக்குடியில் ஏ.வி. அண்டு சன்ஸ் என்ற கடையில் மற்ற சாமான்களோடு கிராமபோன் தட்டும் விற்றுக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளைதான் ஏ.வி. மெய்யப்பன். விற்கிற தட்டை நாமே ஏன் தயாரிக்கக் கூடாது என்று சென்னைக்குப் போய்ச் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். 1935-ல் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஏ.வி.எம்.மின் வேர் ஒரு கடைக் கல்லாவில் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமைதான்.

முள்ளின் கணக்கு

தட்டைத் தொடுவது பிளேயர் அல்ல, முள். 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கு முனை 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு உள்ள முள் வேண்டும். எல்.பி.யின் பள்ளம் மிகக் குறுகல். 1 மில், ஸ்டீரியோவுக்கு 0.7 மில் முனை போதும். எல்.பி. முள்ளை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து உருளும். இரைச்சல்தான் கேட்கும், முள்ளும் தேயும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். பள்ளத்தின் சுவர் போய்விடும்.

பழைய எச்.எம்.வி., பிலிப்ஸ் பிளேயர்களில் முள் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். இந்தப் பக்கம் திருப்பினால் எல்.பி., அந்தப் பக்கம் திருப்பினால் 78. வேலை தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. இப்போது சூட்கேஸ் போல மூடி வைத்து, கலர் கலராக விற்பனைக்கு வரும் மலிவுப் பிளேயர்களில் 33, 45, 78 என்று மூன்று வேகமும் போட்டிருக்கும். முள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான், அதுவும் எல்.பி. முள். வேகம் மூன்று இருந்தால் தட்டு மூன்றும் போடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நமது உறுப்பினர் ஒருவரின் மகன், அப்பாவின் பிறந்த நாளுக்கு இப்படி ஒரு சூட்கேஸ் பிளேயரை வாங்கி வந்தார். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். "எல்லாத் தட்டும் பாடும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். தாத்தாவின் 78 தட்டுகளை அதில் ஓட்டிவிட்டு, "என்னண்ணே, மழை பெய்யுற மாதிரி சத்தம்தான் கேக்குது, தட்டு போயிடுச்சா?" என்று நம்மிடம் கொண்டுவந்தார் அந்த உறுப்பினர். தட்டு போகவில்லை. 3 மில் முள் உள்ள வேறு பிளேயரில் வைத்ததும் குரல் வந்தது. ஆனால் அந்தச் சூட்கேஸில் பல நாள் ஓடிய எல்.பி. இரண்டில் உச்சஸ்தாயி வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. அது இனி சரியாகாது.

உங்கள் வழக்கம் என்ன?

காலையில் கடை திறந்து, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, பாட்டைப் போட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனிப்பவர் ஒரு ரகம். இவர் பாட்டைக் கேட்பதை விட, பாட்டு ஓடிக்கொண்டிருப்பதை விரும்புகிறவர். சுப்ரபாதமோ, கந்த சஷ்டி கவசமோ, நாகூர் ஹனிபாவோ, காலையில் அந்தச் சத்தம் இருந்தால்தான் கடைக்குக் களை. இவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும்போது தட்டு முடிந்துவிடும். முள் கடைசிப் பள்ளத்திலேயே டக் டக் என்று சுற்றிக்கொண்டிருக்கும். இவருக்குத் தானாக முள்ளைத் தூக்கி இடத்தில் வைத்துவிட்டு நிற்கிற முழு ஆட்டோமேட்டிக் பிளேயர்தான் சரி. ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60 வரிசை இந்த மாதிரி. 33, 45 மட்டும்தான், 78 கிடையாது. முள்ளின் கனத்தை நாம் மாற்ற முடியாது. கம்பெனியே வைத்து அனுப்புகிறது. அது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் கடைப் பையன் தொடும் இடத்தில் இருக்கிற பிளேயரில் திருகுவதற்கு எதுவும் இல்லாமல் இருப்பது நல்லதுதான்.

ஒளிவு மறைவின்றி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். தினமும் அதே ஒரு தட்டுதான் என்றால் பிளேயரே வேண்டாம். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேயும். செல்போனிலோ, பழைய கிராமபோன் கம்பெனியின் இன்றைய பெயரான சரிகம 2017-ல் கொண்டுவந்த கேரவான் மாதிரிப் பெட்டியிலோ அதே குரல் தேய்மானமின்றிக் கிடைக்கிறது. மிளகாய்த் தூளும் மைதா மாவும் பறக்கும் கடையில் எல்.பி.யைத் திறந்து போடுவதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். தூசி பள்ளத்தில் இறங்கினால் முள்ளே அதை அரைத்துப் பூசிவிடும்.

இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கச்சேரி கேட்பவர் அடுத்த ரகம். நமது திருச்சியில் இவர்களுக்குக் குறைவில்லை. 1914-ல் தொடங்கிய ரசிக ரஞ்சனி சபாவும், 1939 மே 16-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையமும் பழக்கிவிட்ட காதுகள் இவை. இவருக்கு ஆட்டோமேட்டிக் தேவையில்லை. எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போடுவதே இவருக்கு ஒரு சுகம். இவர் செலவு செய்ய வேண்டியது முள்ளுக்கும், முள் கனத்தைத் திட்டமாக வைக்கக்கூடிய கைக்கும், சீரான வேகத்துக்கும். பெல்ட் வைத்த நல்ல பிளேயரும் போதும். மோட்டாரே தட்டை நேராகச் சுற்றும் வகையும் நல்லது. இந்த இரண்டாம் வகையில் 1972-ல் டெக்னிக்ஸ் கம்பெனி விட்ட எஸ்.எல்.1200 பேர் பெற்றது. 2010-ல் நிறுத்தி, கேட்பவர்கள் விடாததால் 2016-ல் மறுபடியும் தொடங்கினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதே அமைப்பில் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன.

வேகம் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். வேகம் 6 சதவிகிதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சினிமாப் பாட்டில் பலர் கவனிக்க மாட்டார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் கவனிப்பார்கள்.

மூன்றாவது ரகம், அரக்குத் தட்டுப் பெட்டி உள்ளவர். இவருக்கு 78 வேகமும், 3 மில் முள்ளும், முடிந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் திருகும் தேவை. ஆரம்ப காலத் தட்டுகள் பல சரியாக 78-ல் பதிவானவை அல்ல. சிலது 75, சிலது 80 என்று இருக்கும். ஆடியோ டெக்னிகா எல்.பி.120 வரிசையில் 78 உண்டு, வேகத் திருகும் உண்டு. அதன் முள்ளைப் பிடுங்கிவிட்டு 78-க்கான முள்ளை மட்டும் தனியாக வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அப்பா காலத்து எச்.எம்.வி. பிளேயர் வீட்டிலேயே இருந்தால் அதைப் பழுது பார்க்கும் வழியை முதலில் பாருங்கள். உள்ளே மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். அது காய்ந்து போயிருப்பதுதான் முக்கால்வாசி நோய்.

பித்தளைப் புனல் வைத்த சாவி கிராமபோன் பற்றியும் கேட்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் அலங்காரமாக வைக்க அழகானது. ஆனால் இன்று புதுப் பளபளப்பில் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி, பழைய உதிரிகளையும் புதுப் புனலையும் சேர்த்து, நாய்ப்படம் ஒட்டிச் செய்தது. பழமையான சாமான் என்ற விலையைக் கொடுக்காதீர்கள். அசலானதாகவே இருந்தாலும் அதன் தலை தட்டின் மேல் நூறு கிராமுக்கு மேல் கனமாக உட்காரும். இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். முள் தேய்ந்து தட்டுக்கு இடம் கொடுக்கட்டும் என்பதே அந்தக் கல் பொடியின் நோக்கம். எக்காரணம் கொண்டும் எல்.பி.யை அதில் வைக்கக் கூடாது.

தராசு பிடித்தவருக்குத் தெரியாததா?

முள் கனத்தை வைப்பது பெரிய வித்தை என்று கடைக்காரர்கள் பயமுறுத்துவார்கள். தராசு பிடித்த கைகளுக்கு இது ஒன்றுமில்லை. பிளேயரின் கையில் ஒரு பக்கம் முள், மறு பக்கம் எடைக் குண்டு. குண்டைத் திருகித் திருகி, கை மேலும் கீழும் போகாமல் மட்டமாக மிதக்கச் செய்ய வேண்டும். அது பூஜ்யம். பிறகு அங்கிருந்து கம்பெனி சொன்ன கிராம் வரைக்கும் குண்டை முன்னால் கொண்டுவர வேண்டும். நல்ல காந்த முள்ளுக்கு 2 கிராம் சுற்றி இருக்கும். பழைய பீங்கான் வகைக்கு 5 கிராம் அளவுக்கும் போகும். கனம் குறைந்தால் தட்டு நல்லா இருக்கும் என்பது தவறு. குறைந்தால் முள் பள்ளத்தில் நிற்காமல் குதிக்கும், குதிக்கும் முள்தான் சுவரைச் சேதப்படுத்தும்.

எடை சரிதானா என்று பார்க்க, நகைக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். தட்டு இருக்கும் உயரத்துக்கே தராசின் மேல்பாகம் வர வேண்டும், உயர்த்தி வைத்தால் எடை மாறிக் காட்டும். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் முள்ளின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும். நம்மில் யாருக்கும் பொய் எடை பிடிக்காது.

வேகத்தைச் சரிபார்க்கக் கருவியே வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 98 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

வைர முள்ளுக்கும் ஆயுள் உண்டு. சாதாரண உருண்டை முனைக்கு 500 மணி நேரம், நீள்முனைக்கு 300 மணி நேரம் என்று ஆடியோ டெக்னிகா கணக்குச் சொல்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் உருண்டை முனை ஒன்றரை வருஷத்துக்குள் மாற்ற வேண்டியது. பிளேயர் வாங்கும்போதே "மாற்று முள் கிடைக்குமா, என்ன விலை?" என்று கேளுங்கள். அச்சுக்கு மை கிடைக்காத பில் மெஷினை யாராவது வாங்குவோமா?

கரண்டும் இடமும்

திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் சொந்தக்காரர்கள் பிளேயர் கொண்டு வருவதாகச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டிலிருந்து? சிங்கப்பூர், மலேசியாவில் நம்மைப் போலவே 50 சைக்கிள் கரண்ட். வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 சைக்கிள். "ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டுக்கலாம் மாமா" என்பார்கள். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், சைக்கிளை மாற்றாது. நேரடி ஏ.சி. மோட்டார் வைத்த பழைய பிளேயர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ என்பது 28-க்கும் கீழே போய், பாடுகிறவர் ஒன்றரைக் கட்டை இறங்கி உறுமுவார். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் புதுப் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 100 முதல் 240 வரை என்று அடாப்டரில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்த முள் வைத்த பிளேயரின் ஒயரை நேராக ஆம்பிளிபயரில் செருகினால் பாட்டு முனகும். முள் கொடுக்கும் மின்சாரம் மிகச் சிறியது. அதைப் பெருக்கி, பதிவின்போது குறைத்த அடிச் சத்தத்தைத் திரும்பக் கொடுக்க 'போனோ' என்ற பகுதி வேண்டும். புதுப் பிளேயர்கள் பலவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. இல்லை என்றால் தனிப் பெட்டியாக வாங்க வேண்டும். இந்தச் செலவைச் சொல்லாமல் விற்பார்கள். கூடவே வரும் எர்த் ஒயரை இணைக்காவிட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தஞ்சாவூர் மெயின் ரோட்டை ஒட்டிய வீடுகளில் லாரி போகும்போது சன்னல் அதிர்வது நமக்குத் தெரியும். அந்த அதிர்வு முள்ளுக்கும் தெரியும். சுவரில் அடித்த பலகை நல்லது. பிரிட்ஜ் மேலோ, ஸ்பீக்கர் மேலோ வைக்கக் கூடாது. ரச மட்டம் வைத்துப் பார்த்து மட்டமாக வையுங்கள்.

துடைப்பதிலும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. எல்.பி.யைத் துடைக்க ஸ்பிரிட் கலந்த திரவங்கள் கடையில் கிடைக்கும். அதை 78 தட்டில் போட்டால் போச்சு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மர வார்னிஷ் அப்படித்தானே செய்கிறார்கள்! அரக்குத் தட்டுக்கு மெல்லிய சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். நடுவில் இருக்கும் லேபிளை நனைக்காமல் துடைத்து, உடனே நிழலில் காயவிட வேண்டும்.

கடையில் ஒலிக்கவிடுவோர் ஒரு சட்ட விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். வியாபார இடத்தில் பதிவு செய்த பாட்டைப் பொதுவில் போட உரிமம் வேண்டும் என்பது சட்டம். இந்திய சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1944-ல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2004-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் பாட்டு எழுதியவரின் உரிமை அவர் காலமாகி 60 ஆண்டு வரைக்கும் உண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973. கணக்குப் போட்டால் 2033 வரை. வீட்டில் கேட்பதற்கு இதெல்லாம் கிடையாது. கடையில் தினமும் போடுகிறவர்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பிளேயர் வாங்கப் போகிறவர்கள் கையோடு வீட்டிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் போங்கள். விலை மதிப்பில்லாத தட்டு வேண்டாம், கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்ற தட்டாக இருக்கட்டும். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முள்ளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் மாற்றுச் சக்கரத்தின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். புதுசு என்றால் ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள். நாம் கொடுக்கிற பில்லை நாமும் கேட்க வேண்டும்.

பிளேயர் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் பெட்டியைக் காயலான் கடைக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிட வேண்டாம். அரக்குத் தட்டுக்குக் கிலோக் கணக்கில் ஒன்றும் வராது. லேபிளில் உள்ள பாடகர் பெயர், பாட்டு, நம்பர் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், சேகரிப்பவர்களோ சபாக்காரர்களோ வந்து பார்த்து வாங்கிப் போவார்கள். அதுவரை தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். சித்திரை, வைகாசியில் மாடித் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் எல்.பி. அப்பளம் போல நெளிந்துவிடும். காவிரிக் கரைப் பக்கம், ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் உறையைத் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்திருந்தால் பழைய காகித உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது உறை போடுங்கள். பூஞ்சை காகிதத்திலிருந்துதான் திரும்பத் திரும்ப வருகிறது.